லயத்தில் பரவும் ஹெபடைடிஸ் ஈ: தண்ணியைக் கொதிக்கவைத்தும் ஏன் நிற்கவில்லை?

மேற்பிரிவு:

வணக்கம். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். இரண்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), மொத்தம் 24 காம்பரா. தேயிலை மலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து அல்கத்தீன் பிளாஸ்டிக் பைப்பில் 5000 லீற்றர் சீமெந்துத் தொட்டிக்குத் தண்ணி வருகிறது. தொட்டியிலிருந்து மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஒரே லைன். காலையில் ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் திறப்பார்கள். மற்ற நேரம் வால்வு மூடித்தான் இருக்கும்.

மூன்று கிழமைக்குள் ஐந்து பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. எல்லாரும் 18க்கும் 40க்கும் இடைப்பட்டவர்கள். சின்னப் பிள்ளைகள் ஒருவருக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் ஏ இல்லை, ஈ என்று வந்திருக்கிறது. பத்து நாளாக 24 வீட்டிலும் தண்ணியைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். அப்படியும் முந்தாநாள் ஆறாவது ஆளுக்கு மஞ்சள் பிடித்துவிட்டது. கொதிக்கவைத்தும் பிரயோசனம் இல்லை என்று ஆட்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: கொதிக்கவைத்தால் இந்தக் கிருமி சாகாதா? தொட்டிக்கு எவ்வளவு குளோரின் போட வேண்டும்? கீழ் லயத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்ன செய்வது? இதற்குத் தடுப்பூசி உண்டா? கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும் போதும் என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

டிஸ்பென்சரி மேசை:

கொதிக்கவைப்பதை ஒரு வீடும் நிறுத்த வேண்டாம். உங்கள் ஆறாவது ஆள் இந்தப் பத்து நாளில் குடித்த தண்ணியால் விழவில்லை. இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயைக் காட்ட 2 முதல் 10 கிழமை எடுக்கும், பெரும்பாலானவர்களுக்கு 5, 6 கிழமை. ஒரு மாதத்துக்கு முன் குடித்தது இப்போதுதான் கண்ணில் தெரிகிறது. இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் விழக்கூடும். அதை இப்போதே எல்லா வீட்டுக்கும் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் ஏழாவது ஆள் விழுந்த அன்றைக்கே எல்லா அடுப்பிலும் கேத்தல் இறங்கிவிடும்.

இந்தக் கால இடைவெளி உங்களுக்கு உதவியும் செய்யும். முதல் ஆளுக்கு முதலில் காய்ச்சலோ குமட்டலோ வந்த நாளைக் கேட்டு எழுதுங்கள். மஞ்சள் தெரிந்த நாள் வேண்டாம், அது பிந்தியது. அதிலிருந்து 5, 6 கிழமை பின்னுக்கு எண்ணுங்கள். அந்தக் கிழமையில் என்ன நடந்தது? பெருமழையா, பைப் உடைந்து கட்டினார்களா, மலசலகூடக் குழி நிரம்பி வழிந்ததா, ஊற்றுக்கு மேலே யாரும் புதிதாகக் குடியேறினார்களா? பெரும்பாலும் விடை அங்கேதான் கிடக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வரவில்லை என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தொற்றினாலும் பல தடவை ஒரு குறியும் காட்டாமல் போய்விடும். வாலிபர்களிடம்தான் மஞ்சளாக வெளியே வரும். ஆக, குறி இல்லாத பிள்ளையின் மலத்திலும் வைரஸ் இருக்கலாம். நோயாளியிடமும் மஞ்சள் தெரிவதற்குச் சில நாள் முன்னரே தொடங்கி, அதன்பின் 3, 4 கிழமை வரை மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும். மஞ்சள் பிடித்தவரை மட்டும் ஒதுக்கி வைத்து இதை நிறுத்த முடியாததற்குக் காரணம் இதுதான். ஒரு நல்ல விஷயமும் உண்டு: ஹெபடைடிஸ் ஏ போல ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேரே தாவுவது இதில் குறைவு. மலம் கலந்த தண்ணிதான் பிரதான வழி. தண்ணியைப் பிடித்தால் நோயைப் பிடிக்கலாம்.

தடுப்பூசி கேட்டீர்கள். ஹெகோலின் என்ற ஊசிக்குச் சீனாவில் 2011இல் அனுமதி கிடைத்தது. மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. தொற்று பரவும்போது அதை முதன்முதலாகப் பயன்படுத்தியது 2022இல் தென் சூடானின் பென்டியு முகாமில். இலங்கையின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. பிள்ளைகளுக்குப் போட்ட ஹெபடைடிஸ் பி ஊசியோ, காசு கொடுத்துப் போடும் ஏ ஊசியோ ஈ வைரஸைத் தடுக்காது. ஊசி போட்டிருக்கிறோம் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வைரஸ் ஈரல் அழற்சி என்பது அறிவிக்கவேண்டிய நோய். பார்த்த டொக்டர் எச் 544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத வேண்டும். நோயாளி இருக்கும் லயம், காம்பரா எண், பிரிவு எல்லாம் சரியாகப் பதிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால், ஆறு பேரும் ஒரே குழாயில் குடித்தவர்கள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது எங்கே பார்ப்பது என்றும் புரியாது.

குழாய்வழி:

தண்ணிப் பக்கத்தை நான் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் பட்டது ஊற்று இல்லை. "மற்ற நேரம் வால்வு மூடித்தான் இருக்கும்" என்ற வரி.

சரிவில் போகும் லைனில் தொட்டி வால்வை மூடினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கீழ் லயத்தில் யாராவது குழாயைத் திறந்தால் பைப்புக்குள் மிச்சமிருந்த தண்ணி கீழே ஓடிவிடும். மேலே பைப் வெறுமையாகிக் காற்றை இழுக்கும். எங்கே ஓட்டையோ அங்கேதான் இழுக்கும். அந்த ஓட்டை லயத்துக் கானுக்குள் (கழிவுநீர் ஓடும் வாய்க்காலுக்குள்) கிடந்தால் கான் தண்ணியைத்தான் இழுக்கும். அடுத்த நாள் காலையில் வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அந்தத் தண்ணி. தொட்டியில் தண்ணி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் லயத்துக் குழாயில் பிடிப்பது வேறு தண்ணி.

அல்கத்தீன் பைப்பில் ஓட்டை எங்கே இருக்கும் என்று தேடவே வேண்டியதில்லை. சைக்கிள் டியூபை வாராக வெட்டிச் சுற்றிக் கட்டியிருப்பார்களே, அந்த இடம்தான். தண்ணி ஓடும்போது அதிலிருந்து மெல்லக் கசியும், சுற்றி மண் கறுத்துப் பாசி பிடித்திருக்கும். வெளியே கசிகிற இடம், ஓட்டம் நின்றதும் உள்ளே உறிஞ்சுகிற இடம். தண்ணி ஓடுகிற நேரத்தில் ஒரு தடவை, மூடி அரை மணித்தியாலம் கழித்து ஒரு தடவை, தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரை லைனோடு நடங்கள். கானைக் கடக்கும் இடம், மலசலகூடத்துக்குப் பக்கம், மாட்டுப்பட்டிக்குக் கீழே என்று கட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓஸ் பைப்பையும் கவனியுங்கள். குழாயில் ஓஸ் மாட்டி மறுமுனையை பீப்பாய்க்குள் அமிழ்த்தி வைத்திருந்தால், லைன் வெறுமையாகும்போது அந்தப் பீப்பாய்த் தண்ணியும் திரும்ப ஏறும். ஓஸ் முனை எப்போதும் தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் மேலே தொங்க வேண்டும்.

பிறகு ஊற்று. ஊற்றைச் சுற்றிக் கல்லும் சீமெந்தும் கொண்டு மூடிய பெட்டி கட்டி, மேலே மூடிக்குப் பூட்டு, வழிந்தோடும் குழாய் வாயில் நுளம்பு வலை இருக்க வேண்டும். பெட்டிக்கு மேல்புறம் 8, 10 மீற்றர் தள்ளி ஒரு கான் வெட்டி, மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணியை இரண்டு பக்கமும் திருப்பிவிட வேண்டும். எங்கள் மலைகளில் அதிகம் விட்டுப்போகிறது இந்தக் கான்தான். பெட்டியை அழகாகக் கட்டுவார்கள், அடைமழையன்று மலைத்தண்ணி மூடி விளிம்பால் உள்ளே போகும்.

மலசலகூடக் குழிக்கும் ஊற்றுக்கும் குறைந்தது 30 மீற்றர் இடைவெளி என்பது பொதுவான கணக்கு. அது தட்டை நிலத்துக்குப் பொருந்தும். இங்கே குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்து நடுவில் வெடிப்புள்ள பாறை இருந்தால் 30 மீற்றர் போதாது. மண் வடிகட்டும், பாறை வெடிப்பு வடிகட்டாது. ஊற்றுக்கு மேல் சரிவில் குழி இருந்தால் குழியை மாற்றுங்கள், அல்லது ஊற்றை விடுங்கள். குளோரினால் அந்தப் பிழையை மூட நினைக்க வேண்டாம்.

மேற்பிரிவு:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்றைக்கே இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் லைனோடு நடக்கிறார்கள். தொட்டியில் இப்போதைக்கு யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்டேன். "டீ.சீ.எல். என்ற குளோரின் தூள் ஒரு கை, கிழமைக்கு ஒரு தடவை" என்றார்கள். மழை பெய்தால் தொட்டித் தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வரும். குளோரின் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை.

குழாய்வழி:

கிழமைக்கு ஒரு கை என்பது போடாததற்குச் சமம். உங்கள் தொட்டி ஒரு நாளில் காலியாகி நிரம்புகிறது. திங்கள் போட்டது செவ்வாய்க்கிழமை தண்ணியில் இல்லை. ஒவ்வொரு நிரப்புக்கும் போட வேண்டும்.

தேவை இவ்வளவுதான்: குளோரின் போட்டு 30 நிமிடம் கழித்தும் ஒரு லீற்றரில் குறைந்தது 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும். தொற்று பரவும் காலத்தில் கடைசிக் குழாயிலும் அந்த 0.5 இருக்க வேண்டும். மார்கழி, தைக் குளிரில் 30 நிமிடத்தை ஒரு மணித்தியாலமாக்குங்கள். குளிர்ந்த தண்ணியில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

எவ்வளவு போட்டால் 0.5 மிஞ்சும் என்பது தண்ணிக்குத் தண்ணி மாறும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாளிச் சோதனை உண்டு. முதலில் 1 சதவீதக் கரைசல்: 30 சதவீத டீ.சீ.எல். தூள் 33 கிராமை ஒரு லீற்றர் தண்ணியில் கரைத்து, அரை மணித்தியாலம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் வடித்து எடுங்கள். அடியில் நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக்கூடாது, குழாய் வாயை அடைக்கும். தூளைக் கையால் அளக்க வேண்டாம். கடைத் தராசில் நிறுத்துப் பொட்டலமாக வாங்குங்கள்.

பிறகு நான்கு வாளியில் தலா 20 லீற்றர் தொட்டித் தண்ணி. ஒன்றுக்கு 2 மில்லிலீற்றர் கரைசல், அடுத்ததுக்கு 4, அடுத்ததுக்கு 6, கடைசிக்கு 8. மருந்தில்லாத புது சிரிஞ்சால் அளந்தால் சரியாக வரும். கலக்கி, மூடி, 30 நிமிடம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் மிச்சக் குளோரினை அளந்து, 0.5க்குக் குறையாமல் அதற்குக் கிட்ட நிற்கும் வாளியைத் தேர்ந்தெடுங்கள். 6 மில்லிலீற்றர் வாளிதான் சரி என்று வைத்துக்கொண்டால், 1000 லீற்றருக்கு 300 மில்லிலீற்றர், உங்கள் 5000 லீற்றர் தொட்டிக்கு ஒன்றரை லீற்றர் கரைசல். தூளாகப் பார்த்தால் 50 கிராம். உங்கள் அளவு இதைவிடக் கூடவோ குறையவோ வரலாம், அதனால்தான் சோதனை.

அளக்கும் கருவி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கும். டீ.பீ.டீ. குளிசை போட்டால் தண்ணி இளஞ்சிவப்பாகும், நிறத்தைத் தட்டோடு ஒப்பிட்டு அளவை வாசிப்பார். அவர் வரும் நாளிலேயே வாளிச் சோதனையைச் செய்யுங்கள், அளவீட்டைத் தொட்டிச் சுவரில் பெயின்ரால் எழுதுங்கள். வாசனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூக்குக்குத் தெரிகிற குளோரின் அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினாகவும் இருக்கலாம்.

தேத்தண்ணி நிறத்தில் வரும் தண்ணிக்குக் குளோரின் போடுவது தூளை வீணாக்குவது. மண் துகள் குளோரினை விழுங்கிவிடும், துகளுக்குள் ஒளிந்த வைரஸ் தப்பிவிடும். டில்லியில் 1955, 56இல் நடந்தது நினைவில் இருக்க வேண்டும். யமுனையிலிருந்து நகரத்துக்குத் தண்ணி எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைக் கூட்டியே போட்டார்கள். பக்டீரியா நோய்கள் அவ்வளவாகப் பரவவில்லை, ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஏ வைரஸ் இல்லை, ஈ என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே மழை பிடித்தால் ஊற்றுப் பைப்பைத் தொட்டியிலிருந்து கழற்றி வெளியே விடுங்கள். தெளிந்த பிறகு மாட்டுங்கள். தென்மேற்கு மழைக்காலத்தில் இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

தூள் வாங்கும்போது பழைய சாக்கு வேண்டாம். ஈரம் பட்டால், மூடி திறந்து கிடந்தால், 30 சதவீதம் மாதக்கணக்கில் பாதியாகக்கூட இறங்கும். இறுகக் கட்டியானதை வாங்காதீர்கள். கரைசலையும் இருட்டில் மூடி வைத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

கேத்தலடி:

வீட்டுக்குள் நடக்கும் பிழைகளை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கேத்தல் சத்தம் போடத் தொடங்கினால் கொதித்துவிட்டது என்று இறக்குகிறார்கள். அந்த இரைச்சல் கொதிக்கும் முன்னமே வரும். மூடியைத் திறந்து பாருங்கள்: தண்ணி முழுவதும் புரண்டு பெரிய குமிழியாக எழ வேண்டும். மலையில் தண்ணி 100 பாகைக்கு முன்னமே கொதிக்கும். ஹட்டன் உயரத்தில் ஏறத்தாழ 96, நுவரெலியாவில் 94. அந்தச் சூடு இந்த வைரஸுக்குப் போதும், ஆனால் புரண்டு கொதிக்கத் தொடங்கியபின் 3 நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். உயரத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்து அந்த 3 நிமிடம். விறகு மிச்சம் பிடிக்க நினைத்தால் இரவுச் சமையல் முடிந்த தணலில் அடுத்த நாள் தண்ணியைக் கொதிக்கவைத்து மூடி வையுங்கள்.

இரண்டாவது பிழை, பிள்ளைகளுக்குச் சுடு தேத்தண்ணியை ஆற்றப் பச்சைத் தண்ணி ஊற்றுவது. கொதித்த கேத்தலில் கடைசியில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணி சேர்ந்தால் முழுக் கேத்தலும் பச்சைத் தண்ணிதான். ஆறவைத்த கொதிதண்ணியைத் தனிப் போத்தலில் வைத்து அதில் கலவுங்கள். பால்மா கரைப்பதற்கும் வாய் கொப்பளிப்பதற்கும் பல் விளக்குவதற்கும் அதேதான்.

மூன்றாவது, குடத்துக்குள் கை போவது. வாய் அகன்ற குடத்தில் செம்பை விட்டு அள்ளினால் விரலும் உள்ளே போகும். வாய் ஒடுங்கிய கேன், அல்லது அடியில் குழாய் வைத்த வாளி நல்லது. கேனை இரண்டு நாளுக்கு ஒரு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிதண்ணியால் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

மெழுகுதிரி வடிவ வடிகட்டி போட்ட பில்டர் வைரஸை நிறுத்தாது. வைரஸின் அகலம் 27 முதல் 34 நனோமீற்றர், வடிகட்டியின் துளை அதைவிடப் பல மடங்கு பெரியது. துணியில் வடிப்பதும் கலங்கலைக் குறைக்க மட்டும்தான். போத்தலில் ஊற்றி வெயிலில் வைப்பது வெயில் ஊர்களுக்குச் சரி, நமது பனிமூட்டத்தில் நம்பி இருக்க முடியாது.

மலையில் கொழுந்து பறிக்கும்போது தாகத்துக்கு வாய்க்காலில் குனிந்து கையால் அள்ளிக் குடிப்பது பழக்கம். வீட்டில் என்ன கொதிக்கவைத்தாலும் அந்த ஒரு மிடறு போதும். காலையில் போகும்போது ஒன்றரை லீற்றர் போத்தல் கொதிதண்ணி கூடையோடு போக வேண்டும். பிள்ளைக் காம்பராவில் (வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் இடத்தில்) ஆயா அம்மாவிடம் தனிக் கேத்தல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வல்லாரைச் சம்பல், பச்சைக் கரட், அச்சாறு, ஐஸ் பக்கட் எல்லாம் இந்த இரண்டு மூன்று மாதம் வேண்டாம். கீரையைத் தாளித்துச் சாப்பிடுங்கள். கரட்டை ஓடையில் கழுவி மூட்டை கட்டுகிற இடங்களும் இருக்கின்றன, அதனால் வீட்டில் கொதிதண்ணியால் கழுவித் தோல் சீவிச் சமையுங்கள். பன்றி இறைச்சி பற்றியும் ஒரு சொல்: ஈ வைரஸில் சில வகைகள் பன்றியிலும் காட்டுப்பன்றியிலும் இருக்கும். உங்கள் தொற்று தண்ணி வழியாக வந்த மாதிரித்தான் தெரிகிறது, ஆனாலும் பன்றி ஈரலைச் சிறிதாக வெட்டி, உள்ளே சிவப்பு மிஞ்சாமல் 20 நிமிடத்துக்கு மேல் குழம்பில் கொதிக்கவிட வேண்டும். சுட்டு அரைவேக்காட்டில் தின்னக்கூடாது.

மலசலகூடம் பொதுவாக இருந்தால் தொட்ட இடங்களுக்கு 0.5 சதவீதக் கரைசல்: ஒரு லீற்றருக்குத் தூள் 17 கிராம். முதலில் தண்ணியால் கழுவி, பிறகு கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கதவுக் கொக்கி, வாளிப் பிடி, குழாய்த் தலை மூன்றையும் மறக்க வேண்டாம். ஹார்பிக் போன்ற அமிலக் கழுவியோடு சேர்த்து ஊற்றவே கூடாது, நச்சு வாயு வரும். பிள்ளையின் மலத்தைக் கானில் வீசாமல் குழிக்குள் போடுங்கள். கைக்குச் சவர்க்காரமும் ஓடும் தண்ணியும்தான் வேண்டும். கையில் பூசும் ஜெல் இந்த வகை வைரஸுக்கு நம்பகமானது இல்லை. கைகழுவும் தண்ணி கொதித்ததாக இருக்க வேண்டியதில்லை, குளோரின் போட்டதாக இருந்தால் நல்லது. நோய் இருக்கிறவர் அன்னதானத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் சமைக்கப் போக வேண்டாம்.

பேறுகாலம்:

ஏழு மாதக் கர்ப்பிணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றவர்களைவிட அவருக்குத்தான் அவசரம்.

ஹெபடைடிஸ் ஈ பெரும்பாலானவர்களுக்கு 1 முதல் 6 கிழமையில் தானே தீரும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் கதை வேறு: ஈரல் திடீரென்று செயலிழக்கக்கூடும். இந்தக் கட்டத்தில் தொற்றிய தாய்மாரில் 20 முதல் 25 சதவீதம் வரை இறக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவில் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் அவருக்கு மஞ்சள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கே மிட்வைஃப் அம்மாவிடம், இந்த லயத்தில் ஈ வைரஸ் உறுதியாகியிருக்கிறது, இவர் அதே குழாயில் குடித்தவர் என்று சொல்லுங்கள். கிளினிக் அட்டையிலும் அதை எழுதச் சொல்லுங்கள். வேறு குழாயில் தண்ணி வரும் உறவினர் வீடு இருந்தால் அங்கே போய் இருப்பது நல்லது. ஆனால் ஏற்கனவே தொற்றியிருக்கலாம் என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள கிளினிக்குக்கும் விஷயம் தெரிய வேண்டும்.

அவருக்குப் பசியின்மை, தொடர் குமட்டல், இளங்காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "மசக்கை" என்று விடாதீர்கள், ஏழாம் மாதத்தில் புதிதாக மசக்கை வராது. மஞ்சள் தெரிந்தால் டிக்கோயா, நுவரெலியா போல மகப்பேற்று வைத்தியர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சின்ன ஆஸ்பத்திரியில் காத்திருக்கக்கூடாது. 1990 என்ற எண்ணில் கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துப் பாதையில் வாகனம் எதுவரை ஏறும், அதிலிருந்து எப்படிச் சுமந்து இறக்குவது என்பதை இப்போதே நான்கு பேர் பேசி வையுங்கள்.

யாருக்காக இருந்தாலும் ஓட வேண்டிய குறிகள்: பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், சொல் தடுமாற்றம், ஆளைத் தெரியாமல் பேசுதல், கை நடுக்கம், பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம், ஒன்றும் தங்காத வாந்தி, வயிறு வீக்கம். மஞ்சளின் அளவை வைத்து ஆபத்தைக் கணிக்காதீர்கள். தூக்கம் தலைகீழாவதுதான் பல தடவை முதலில் தெரியும். வீட்டில் இருப்பவர் இரவு என்ன செய்தார் என்று காலையில் கேளுங்கள்.

காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு ஆகியவற்றோடு மஞ்சள் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, உடனே தொடங்க வேண்டும். லயத்தில் ஆறு பேருக்கு ஈ என்பதற்காக ஏழாவது ஆளுக்கும் ஈ தான் என்று முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வொருவரும் இரத்தம் கொடுக்க வேண்டும்.

இனிக் கீழாநெல்லி. அது இந்த வைரஸைக் குணப்படுத்துகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. தானாகத் தீர்கிற நோய் என்பதால் எது குடித்தாலும் அதுதான் தீர்த்த மாதிரித் தெரியும். எனக்குக் கவலை தருவது, இலையைப் பச்சைத் தண்ணியில் அரைத்துப் பிழிந்து கொடுப்பதும், அதைக் கொடுத்துக்கொண்டு கர்ப்பிணியை நாலைந்து நாள் வீட்டில் வைத்திருப்பதும். உப்பில்லாப் பத்தியமும் தேவையில்லை. சோறு, ரொட்டி, பருப்பு, முட்டை, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். காலையில் குமட்டல் குறைவாக இருக்கும், அப்போதே நன்றாகச் சாப்பிடட்டும். எண்ணெய் குமட்டினால் குறையுங்கள், குமட்டாவிட்டால் விலக்க வேண்டாம். சாராயமும் கசிப்பும் ஒரு சொட்டும் கூடாது, கண் வெளுத்த பிறகும் டொக்டர் சொல்லும்வரை. பனடோலை நினைத்தபடி விழுங்க வேண்டாம். டொக்டர் அனுமதித்தாலும் ஒரு நாளைக்கு நான்கு 500 மில்லிகிராம் குளிசைக்கு மேல் போகக்கூடாது.

மேற்பிரிவு:

லைனோடு நடந்தோம். ஒன்பது கட்டு. அதில் ஒன்று கீழ் லயத்துத் தொங்கல் (கடைசி) காம்பராவுக்குப் பின்னால், கானுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. நாலு மீற்றர் மேலே மலசலகூடக் குழியின் சுவர் வெடித்துக் கறுப்புத் தண்ணி கானுக்கு வருகிறது. வால்வு மூடியிருக்கும்போது கட்டின் மேல் கைவைத்துப் பார்த்தால் டியூப் வார் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்ததற்கு ஆறு கிழமைக்கு முன்தான் அந்த இடத்தில் பைப் உடைந்து கட்டியிருக்கிறார்கள். கர்ப்பிணி அக்கா நேற்றே டயகமவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே உள்ள மிட்வைஃப் அம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது. இப்போது எதை முதலில் செய்வது?

குழாய்வழி:

வார் உள்ளே ஒட்டியிருந்தால் உறிஞ்சியது அதுதான். இந்த ஒழுங்கில் போங்கள்.

இன்றைக்கு வால்வை மூடி, அந்தக் கட்டின் இரு பக்கமும் அரை மீற்றர் வெட்டி எறியுங்கள். புதுத் துண்டை அதற்குரிய இணைப்பானும் கிளிப்பும் போட்டு மாட்டுங்கள், டியூப் வார் திரும்ப வரக்கூடாது. அந்த நீளம் முழுவதையும் கானுக்குள் இருந்து எடுத்து, லயத்துச் சுவரில் நிலத்துக்கு மேல் முழங்கால் உயரத்தில் கிளிப் அடித்துக் கொண்டு போங்கள். மற்ற எட்டுக் கட்டையும் இந்தக் கிழமைக்குள் மாற்றுங்கள். வெடித்த குழியைப் பூசுவதற்குத் தோட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கொடுங்கள், படத்தோடு. அதுவரை அந்த மலசலகூடத்தை மூடி வையுங்கள்.

பிறகு தொட்டியை இறைத்து, சுவரைத் தூரிகையால் தேய்த்துச் சேறு எடுத்து, நிரப்புங்கள். கழுவுவதற்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வேண்டும்: 5000 லீற்றருக்கு 30 சதவீதத் தூள் 830 கிராம், முன்பு சொன்ன மாதிரித் தெளியவிட்டு ஊற்றுங்கள். உள்ளே இறங்கித் தேய்க்கும் ஆளுக்கு வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும், தூள் போடும் நேரத்தில் உள்ளே யாரும் இருக்கக்கூடாது. கடைசிக் குழாயில் குளோரின் வாடை வரும்வரை திறந்து லைனையும் அதே தண்ணியால் நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி இரவு முழுக்க விடுங்கள். அன்று யாரும் குடிக்கக்கூடாது என்று முதல் நாளே 24 வீட்டுக்கும் சொல்லி, தண்ணி சேமித்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் அதை ஓடைக்குள் விடாமல் வெறும் நிலத்தில் வடித்து, தொட்டியைத் திரும்ப நிரப்பி, வாளிச் சோதனை அளவில் குளோரின் போடுங்கள்.

வால்வை ஒரு நாளுக்கு இரண்டு தடவை திறந்து மூடுவதை விட்டு, நாள் முழுவதும் சிறிதாகத் திறந்து வைக்க முடியுமா என்று பாருங்கள். குழாய்களில் மூடி சரியாக இருந்தால் தொட்டி தாங்கும், லைன் வெறுமையாகாது. முடியாவிட்டால் தினம் முதல் ஐந்து நிமிடத் தண்ணியைச் செடிக்கு விடுங்கள், குடத்தில் பிடிக்க வேண்டாம்.

டிஸ்பென்சரி மேசை:

ஒன்றைச் சேர்க்கிறேன். பைப்பைத் திருத்திய தேதியை லயத்துச் சுவரில் எழுதுங்கள். அன்றிலிருந்து 10 கிழமை எண்ணி அந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பத்துக் கிழமையும் கொதிதண்ணியும் தொட்டிக் குளோரினும் இரண்டும் வேண்டும். அதற்குள் விழுகிறவர்கள் பழைய தண்ணியால் விழுகிறவர்களாக இருக்கலாம். இரண்டாவது தேதிக்குப் பிறகும் புதிதாக ஒருவருக்குக் கண் மஞ்சளானால், இன்னொரு ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு லைனோடு திரும்ப நடங்கள். தண்ணியைச் சோதனைக்கு அனுப்பிக் குடல் பக்டீரியா இல்லை என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இந்த வைரஸ் பக்டீரியாவைவிட அதிக நாள் தண்ணியில் தங்கக்கூடியது.

மேற்பிரிவு:

சரி. இன்றைய தேதியை எழுதிவிட்டோம். இணைப்பான் வாங்க ஒருவர் ஹட்டனுக்கு இறங்கிவிட்டார். பின்னேரம் தண்ணி திறக்கமாட்டோம் என்று இரண்டு லயத்துக்கும் சொல்லியாகிவிட்டது.